கேஸா, புரொப்போஃபோலா? இதய அடைப்புள்ளவருக்கு முழு மயக்கம் கொடுக்கும்போது

தமிழ்நாடு-கேரள எல்லையோரத்து மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை வட்டாரத்துச் சிறு ஆஸ்பத்திரிகளில் இந்தக் கேள்வி பெரும்பாலும் இடுப்பெலும்பு முறிவோடுதான் வந்து நிற்கிறது. நோயாளிக்கு எழுபது வயது. திருவனந்தபுரத்தில் ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பருகே தொடையெலும்பு முறிந்திருக்கிறது. நேற்று ராத்திரி வரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோகிரெல் விழுங்கியிருக்கிறார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்ய வேண்டுமானால் அந்த மாத்திரையை நிறுத்தி 5 முதல் 7 நாள் பொறுக்க வேண்டும். ஸ்டென்ட் புதிது என்றால் நிறுத்துவதே ஆபத்து. எலும்போ அத்தனை நாள் பொறுக்காது. கிடந்த கிடையாகக் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும். ஆக, முழு மயக்கம்தான். அதை, மூச்சில் இழுக்கும் செவோஃப்ளூரேன் போன்ற கேஸில் கொடுப்பதா, பம்ப் வழியாக ரத்த நாளத்தில் ஓடும் புரொப்போஃபோலில் கொடுப்பதா?

கேஸ் இதயத்தைக் காக்கும் என்று மயக்கவியல் படித்த எல்லோருக்கும் தெரியும். ஆய்வுக்கூடத்தில் அது ஐயமற நிரூபணமான விஷயம். தியேட்டர் மேசையில் அது எவ்வளவு செல்லுபடியாகும் என்பதில்தான் குழப்பம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இதய நோயாளிக்கு எங்கள் முதல் தேர்வு செவோஃப்ளூரேன்தான். ஆனால் அதற்கு முக்கியக் காரணம் அதன் இதயக் காப்பு குணமன்று. அந்த குணத்தை நம்பி பிரஷரைக் கோட்டை விடுவது, இரண்டில் எந்த மருந்தைத் தவறாகத் தேர்ந்தெடுப்பதையும் விடக் கெடுதல்.

கேஸ் இதயத்துக்குள் என்ன செய்கிறது

1986-இல் மரி, ஜென்னிங்ஸ், ரெய்மர் மூவரும் நாய்களின் இதயத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கரோனரிக் குழாயை 5 நிமிடம் அடைத்து, 5 நிமிடம் திறந்து, இப்படி நான்கு முறை செய்துவிட்டு, பிறகு 40 நிமிடம் ஒரேயடியாக அடைத்தார்கள். முன்கூட்டி எதுவும் செய்யாத இதயத்தில் செத்த தசையில் கால்பங்குதான் இந்த இதயங்களில் செத்திருந்தது. சிறு பட்டினி பெரும் பட்டினிக்கு இதயத்தைத் தயார்செய்கிறது என்று அப்போது தெரியவந்தது. 1997-இல் வெளிவந்த ஆய்வுகள் இன்னொரு படி போயின: குழாயை அடைக்காமல், ஐசோஃப்ளூரேனைக் கொஞ்ச நேரம் கொடுத்து நிறுத்தினாலே அதே காப்பு கிடைக்கிறது.

இது நடக்கும் விதம் இப்படி. கேஸ் இதயத் தசை செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள, ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறின் அளவைப் பார்த்துத் திறந்து மூடும் பொட்டாசியம் வாயில்களைத் திறக்க உதவுகிறது. அங்கிருந்து கொஞ்சமே கொஞ்சம் ஆக்சிஜன் தனியுறுப்புகள் (ஃப்ரீ ராடிக்கல்) கசிகின்றன. அதிகமானால் விஷமாகும் அதே பொருள், சிறிதளவில் எச்சரிக்கை மணியாகிறது. அடினோசின் ஏற்பிகள், புரோட்டீன் கைனேஸ் சி, ஏகேடி போன்ற பல கண்ணிகள் வரிசையாகத் தூண்டப்படுகின்றன. இந்தச் சங்கிலியின் கடைசிப் பயன் ஒன்றுதான்: அடைப்பு நீங்கி ரத்தம் மறுபடி பாயும் நொடியில் மைட்டோகாண்ட்ரியாவின் பெரிய துளை திறந்துகொள்ளாமல் தடுப்பது. சேதத்தில் பெரும்பங்கு அந்த நொடியில்தான் நடக்கிறது. பேச்சிப்பாறைச் சானலில் காய்ந்து வெடித்த கரைமேல் ஒரே மூச்சில் தண்ணீரைத் திறந்துவிட்டால் கரை உடைவதுபோல, பட்டினி கிடந்த தசைக்குள் திடுமென ரத்தம் பாய்ந்தால் செல் உடைகிறது.

காப்புக்கு இரண்டு கால அளவு உண்டு. முதலாவது, கேஸ் கொடுத்தவுடன் தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரம் நிற்கும். இரண்டாவது, 24 மணி நேரம் கழித்துத் திரும்ப வந்து 72 மணி வரை இருக்கும். இதற்கு செல் புதுப் புரதங்களை உண்டாக்க வேண்டியிருப்பதால்தான் அந்தத் தாமதம். இவற்றோடு, கேஸ் இதயத்தின் சுருங்கும் வலுவையும் எதிர்ப்பு அழுத்தத்தையும் குறைப்பதால் ஆக்சிஜன் தேவையும் குறைகிறது. அந்தப் பயன் கேஸ் ஓடும்வரைதான்.

இந்தச் சங்கிலியைச் சுலபமாக அறுக்கும் பொருள்கள் நம் நோயாளிகளின் மாத்திரைப் பையிலேயே இருக்கின்றன. சர்க்கரை மாத்திரையான கிளிபென்கிளமைடு அந்தப் பொட்டாசியம் வாயில்களை அடைத்துவிடும். அதே வகை கிளிமெபிரைடு அந்த அளவுக்கு மைட்டோகாண்ட்ரியா வாயிலைத் தொடுவதில்லை. ஆஸ்துமாவுக்குத் தரப்படும் தியோஃபிலின், அடினோசின் ஏற்பியைத் தடுக்கும். ரத்தச் சர்க்கரை ஏறிக் கிடந்தாலும் காப்பு மங்கும். முதுமையும் அதை மங்கவைக்கும். மயக்கம் தொடங்கும்போது சாதாரண கெட்டமின் கொடுத்தால் அதுவும் அந்த வாயில்களை அடைக்கக்கூடியது. இளம் விலங்கில் பார்த்த பலன், சர்க்கரையும் முதுமையும் சேர்ந்த மனிதரிடம் தேய்ந்துபோவதற்கு இவ்வளவு காரணங்கள்.

எல்லையோரத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரே நோயாளி இரண்டு மாநிலத்து டாக்டர்களின் சீட்டு வைத்திருப்பார். சர்க்கரைக்கு இங்கே ஒன்று, இதயத்துக்கு அங்கே ஒன்று. ஒரே குணமுள்ள மாத்திரை இரண்டு பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். சீட்டை மட்டும் பார்த்தால் போதாது. மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, அதில் அச்சிட்ட மருந்துப் பெயரைப் படியுங்கள். டப்பாக்ளிஃப்ளோசின், எம்ப்பாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் இருந்தால் திட்டமிட்ட அறுவைக்கு 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். அவசர அறுவையானால் கீட்டோன் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சர்க்கரை சரியாக இருந்தாலும் ரத்தம் அமிலமாகியிருக்கலாம்.

மனிதரில் என்ன தெரிந்தது

பெல்ஜியத்தில் டி ஹெர்ட் குழு 2002-இலும் 2004-இலும் பைபாஸ் நோயாளிகளிடம் செவோஃப்ளூரேனையும் புரொப்போஃபோலையும் ஒப்பிட்டது. கேஸ் பெற்றவர்களின் இதயம் பைபாஸ் முடிந்தபின் நன்றாக இயங்கியது, இதயத் தசைக் காயத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தத்தில் குறைவாக ஏறியது. 2004 ஆய்வில் ஒரு நுணுக்கம் வெளிப்பட்டது: கேஸை பைபாஸுக்கு முன் மட்டும், அல்லது பின் மட்டும் கொடுத்தவர்களைவிட, தொடக்கம் முதல் முடிவு வரை கொடுத்தவர்களுக்கே பலன் தெளிவாகத் தெரிந்தது. 2007-இல் லாண்டோனியும் மற்றவர்களும் 22 சிறு ஆய்வுகளைத் தொகுத்தபோது மாரடைப்பும் மரணமும்கூட கேஸ் பக்கம் குறைவாகவே இருந்தன.

பிறகு அதே லாண்டோனி தலைமையில் பெரிய ஆய்வு நடந்தது. மிரியாட் என்று பெயர். முடிவு 2019-இல் வந்தது. 13 நாடுகள், 36 மையங்கள், திட்டமிட்ட பைபாஸுக்கு வந்த 5,400 நோயாளிகள். ஓராண்டில் இறந்தவர்கள்: கேஸ் பக்கம் 2.8 சதவீதம், ரத்த நாளவழி மயக்கத்தின் பக்கம் 3.0 சதவீதம். வித்தியாசம் இல்லை. இனி நீட்டித்தாலும் விடை மாறாது என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். இதயம் அல்லாத அறுவைகளில், ஸ்விட்சர்லாந்தில் 385 இதய நோயாளிகளிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்விலும் கதை இதேதான்: இதயத் தசைக்கு ரத்தம் குறைந்த அறிகுறி இரு பக்கமும் ஏறத்தாழ 40 சதவீதம்.

சிறு ஆய்வுகள் பொய் என்று இதற்குப் பொருளில்லை. புரொப்போஃபோலும் வெறும் தண்ணீர் இல்லை. அது தானே ஆக்சிஜன் தனியுறுப்புகளை அணைக்கும். ஃபென்டனில், மார்ஃபின் போன்ற வலிமருந்துகள் வேறு வழியாக அதே காப்பைக் கொஞ்சம் தருகின்றன. அடிக்கடி நெஞ்சுவலி வந்தவரின் இதயம் ஏற்கெனவே தயாராகி இருக்கும். பைபாஸில், இதயத்தை நிறுத்திவைக்கும் குளிர்ந்த கார்டியோபிளீஜியா திரவம் பெரும்பாலான காவல் வேலையைச் செய்துவிடுகிறது. இத்தனைக்கும் மேல் கேஸ் தரும் கூடுதல் காப்பு, மரண எண்ணிக்கையில் தெரியும் அளவுக்குப் பெரிதாக இல்லை. கையில் பிரஷர் கஃப் கட்டி 5 நிமிடம் இறுக்கி, 5 நிமிடம் தளர்த்தும் தூரத் தயார்ப்படுத்தலும் 2015-இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் தோற்றது. அவற்றில் பெரும்பாலும் புரொப்போஃபோல்தான் ஓடியது, அது பலனை மறைத்திருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு.

பைபாஸ் அறுவையானால்

இந்தப் பகுதி திருவனந்தபுரமோ நாகர்கோவிலோ போகும் நோயாளிக்கானது. குடும்பத்தார் இதில் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. இரண்டு முறையும் சரியானவை. ஆனால் கேஸ் என்று முடிவெடுத்த குழு அதை முழுதாகக் கொடுக்க வேண்டும், பலரும் சறுக்குவது இங்கேதான். இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் ஏற்கும் பைபாஸ் மெஷின் ஓடத் தொடங்கியதும் நுரையீரலுக்கு மூச்சு கொடுப்பது நிற்கிறது. மயக்க மெஷினில் திரவ மருந்தைக் கேஸாக்கும் வேப்பரைசர் திறந்திருந்தாலும் நோயாளிக்கு எதுவும் போகாது. அப்போது பைபாஸ் மெஷினில் ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் ஆக்சிஜனேட்டருக்குப் போகும் கேஸ் குழாயில் தனி வேப்பரைசர் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் பைபாஸ் நேரம் முழுவதும் புரொப்போஃபோல்தான் ஓடுகிறது. இதயம் அடைபட்டிருக்கும் மணிகளில் கேஸ் இல்லை.

அந்த வேப்பரைசரில் கவனிக்க வேண்டியவை: ஆக்சிஜனேட்டரின் சவ்வு எந்த வகை என்று பாருங்கள். நுண்துளை பாலிபுரொப்பிலீன் என்றால் கேஸ் கடக்கும். பாலிமெத்தில்பென்டீன் என்றால் மிகச் சொற்பமாகவே கடக்கும், மானிட்டர் எண்ணை நம்பினால் நோயாளி விழித்துக்கொள்வார். வேப்பரைசரை நிரப்பும்போது ஒரு துளிகூட ஆக்சிஜனேட்டர்மேல் சிந்தக் கூடாது. அதன் பாலிகார்பனேட் உறை திரவ மயக்கமருந்து பட்டு விரிசல் விடும். ஆக்சிஜனேட்டரின் வெளியேற்றுத் துளையிலிருந்து வரும் கேஸை, கழிவுக் கேஸை உறிஞ்சி வெளியேற்றும் ஸ்காவெஞ்சிங் குழாயோடு இணையுங்கள். ஆனால் உறிஞ்சு வேகம் அதிகமாகிவிடக் கூடாது. ஆக்சிஜனேட்டருக்குள் எதிரழுத்தம் மாறினால் கேஸ் பரிமாற்றமே கெடும்.

இடுப்பெலும்புக்கு வந்தவருக்கு: செவோவை எப்படிக் கொடுப்பது

55 கிலோ, 70 வயது என்று வைத்துக்கொள்வோம். செவோஃப்ளூரேனின் ஒரு மேக் (கத்தி பட்டாலும் பாதிப் பேர் அசையாமல் இருக்கும் கேஸ் அளவு) 40 வயதில் ஏறக்குறைய 1.8 சதவீதம். பத்தாண்டுக்குச் சுமார் 6 சதவீதம் வீதம் குறையும். 70 வயதில் 1.5-க்குப் பக்கம். ஆகவே மூச்சு வெளிவரும்போது மானிட்டர் காட்டும் அளவு 1.0 முதல் 1.2 இருந்தால் விழிப்பு வராமல் காக்க அது போதும். ஃபென்டனில் சேர்ந்திருந்தால் அதற்கு மேல் ஏற்றத் தேவை அரிது. 2 சதவீதத்தில் நிறுத்தி, பிறகு விழுந்த பிரஷருக்கு மருந்து மேல் மருந்து போடுவது நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. ‘மயக்கம் ஆழமாக இருந்தால் இதயத்துக்கு நல்லது’ என்ற எண்ணம் இங்கே விலை கேட்கும்.

தொடக்கத்துக்கு எட்டோமிடேட் கிலோவுக்கு 0.2 முதல் 0.3 மி.கி., இல்லையென்றால் புரொப்போஃபோலை கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.கி. வரை, ஒரு நிமிடத்துக்கும் மேலாக மெல்லச் செலுத்தலாம். ஃபென்டனில் கிலோவுக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம். முதியவரின் கைநாளத்திலிருந்து மருந்து மூளைக்குப் போய்ச்சேர நேரமாகும். கண் மூடவில்லை என்று இன்னொரு பங்கு தள்ளினால் இரண்டும் சேர்ந்து நிமிடம் கழித்துப் பிரஷரை இறக்கும்.

சராசரி ரத்த அழுத்தம் 65 முதல் 75 மி.மீ. பாதரசம், இதயத்துடிப்பு 60 முதல் 80. இந்த இரண்டு எண்கள்தான் இதயக் காவல். 55-க்குக் கீழே சில நிமிடம் இருந்தாலே இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் காயம் கூடுகிறது என்பது 2013-இல் பெரிய தரவுத்தொகுப்பில் கண்டது. பிரஷர் விழுந்தால் ஃபினைலெஃப்ரின் 50 முதல் 100 மைக்ரோகிராம். தொடர்ந்து விழுந்தால் நார்அட்ரினலின் பம்ப். நம் பக்கத்தில் கைக்கு எட்டுவது மெஃபென்டெர்மின்தான். அது பிரஷரோடு துடிப்பையும் ஏற்றிவிடும். குழாய் அடைந்த இதயத்துக்கு வேகத் துடிப்பு நேரான எதிரி. துடிப்பு 50-இல் இருந்து பிரஷரும் விழுந்திருந்தால் மட்டும் 3 மி.கி. கொடுங்கள். துடிப்பைக் குறைக்கும் மெட்டோபுரோலாலைக் காலையில் சாப்பிட்டுவருபவர் அன்றும் விழுங்கட்டும். ஆனால் அறுவை நாளில் புதிதாகத் தொடங்காதீர்கள். 2008-இன் பாய்ஸ் ஆய்வில் மாரடைப்பு குறைந்தது, பக்கவாதமும் மரணமும் கூடின.

உடல்சூட்டை 36 டிகிரிக்கு அருகில் வையுங்கள். நடுக்கம் ஆக்சிஜன் தேவையைப் பல மடங்கு ஏற்றும். கழுவும் திரவத்தைச் சூடாக்கி வைப்பதற்கு மருந்துச் செலவே இல்லை.

செவோவின் செலவை ஒரு கணக்கில் பார்க்கலாம்: நிமிடத்துக்கு லிட்டரில் கேஸ் ஓட்டத்தையும் சதவீதத்தையும் பெருக்கி, அதை மூன்றால் பெருக்கினால் மணிக்கு எத்தனை மி.லி. திரவம் செலவாகும் என்று வரும். 4 லிட்டர், 1.2 சதவீதம் என்றால் 14 மி.லி.க்கு மேல். முதல் பத்து நிமிடம் கழித்து 1 லிட்டருக்கு இறக்கினால் 3.6 மி.லி. 250 மி.லி. பாட்டில் நான்கு மடங்கு நீடிக்கும். ஓட்டத்தைக் குறைக்கும்போது, மூச்சின் கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் நிறம் மாறாமல் ஈரமாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஆக்சிஜனைத் திறந்தபடியே விட்டுப்போன மெஷினில் திங்களன்று சோடா லைம் காய்ந்து கிடக்கும். அதில் ஐசோஃப்ளூரேனோ டெஸ்ஃப்ளூரேனோ பட்டால் கார்பன் மோனாக்சைடு உருவாகும், செவோ சூடாகும். அப்படியானால் மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

மற்ற கேஸ்கள்

ஊதா வேப்பரைசரில் உள்ள ஐசோஃப்ளூரேன் மலிவு. இதயக் காப்பில் செவோவுக்குக் குறைந்ததல்ல, ஆய்வுக்கூடத் தரவெல்லாம் பெரும்பாலும் அதில் எடுத்ததுதான். குறை: திடுமென ஏற்றினால் துடிப்பு கூடும். செவோ கிடைக்காத இடத்தில் மெல்ல ஏற்றிப் பயன்படுத்தலாம். நல்ல குழாய்கள் விரிந்து அடைபட்ட பகுதியின் ரத்தத்தை இழுத்துக்கொள்ளும் என்று 1980-களில் பேசப்பட்ட கரோனரித் திருட்டு என்ற பயம், பிரஷரைக் காத்தால் நடைமுறையில் பொருட்டில்லை. ரத்தத்தில் அதிகம் கரைவதால் விழிப்பு தாமதமாகும்.

டெஸ்ஃப்ளூரேனை இந்த நோயாளிக்கு நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். அது 22.8 டிகிரியில் கொதிக்கும். அதன் வேப்பரைசர் மின்சாரத்தால் சூடேறி இயங்குவது. கரண்ட் போனால் கேஸும் நின்றுபோகும். வேகமாக ஏற்றினால் நரம்பு மண்டலம் தூண்டப்பட்டு துடிப்பும் பிரஷரும் தாவும். அடைப்புள்ள இதயத்துக்கு வேண்டாத வம்பு. ஹாலோத்தேன் இன்னும் எங்காவது அலமாரியில் இருந்தால், அட்ரினலின் கலந்த ஊசி போடும் அறுவையில் ஒழுங்கற்ற துடிப்பு வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

எப்போது புரொப்போஃபோல்

முன்பு கேஸில் உடல்சூடு எகிறிய வரலாறு நோயாளிக்கோ குடும்பத்திலோ இருந்தால் வாதமே இல்லை. மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா எனப்படும் அந்த நிலைக்கு டான்ட்ரோலீன் முதல் வேளை கிலோவுக்கு 2.5 மி.கி. வேண்டும், சிற்றூரில் அதைத் தேடி ஓட முடியாது. போன முறை மயக்கத்துக்குப்பின் விடாமல் வாந்தியெடுத்தவருக்கும் புரொப்போஃபோல் நல்லது. தியேட்டரில் ஸ்காவெஞ்சிங்கே இல்லாமல், குழாய் வெளியே போகாமல் இருந்தாலும் அதுவே மேல். கர்ப்பிணி நர்ஸ் பணியில் இருக்கும் அறையில் நாள்தோறும் செவோ கசிய விடக் கூடாது.

ஆனால் அதற்குத் தேவையானவை இருக்கின்றனவா? 55 கிலோவுக்கு மணிக்கு கிலோவுக்கு 5 மி.கி. என்றால் 275 மி.கி., அதாவது மணிக்கு 27.5 மி.லி. இது கைக்கணக்கில் சொட்டவிடும் மருந்தில்லை; நல்ல சிரிஞ்ச் பம்ப் வேண்டும், இரண்டாவது பம்ப் கைவசம் வேண்டும். பம்ப் பேட்டரி சார்ஜில் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்த இடைவெளியில் பேட்டரி செத்த பம்ப் நின்றுபோகும். ஊசி செருகிய கையைத் துணி மூடாமல் கண்ணில் படும்படி வையுங்கள். நாளம் வெடித்துத் தோலுக்கடியில் மருந்து சேர்ந்தால் நோயாளி அசையாமல் விழித்துக்கிடப்பார். தசை தளர்த்தும் மருந்து போட்டிருந்தால் சொல்லவும் முடியாது. கேஸில் மூச்சு மானிட்டர் 0.7 மேக்குக்குக் கீழ் இறங்கினால் மணி அடிக்க வைக்கலாம். புரொப்போஃபோலுக்கு அந்த எண் இல்லை. மூளை அலைகளிலிருந்து மயக்கத்தின் ஆழத்தைக் காட்டும் பிஸ் மானிட்டர் 40 முதல் 60-க்குள் இருக்கிறதா என்று பார்ப்பதே வழி. நாங்கள் செவோவை முதலில் சொல்வதற்கு உண்மையான காரணம் இதுதான். சிரிஞ்சில் ஏற்றிய புரொப்போஃபோலை அடுத்த நோயாளிக்கு வைக்காதீர்கள். சோயா எண்ணெயும் முட்டை லெசித்தினும் கலந்த அந்தப் பாலில் கிருமி வேகமாக வளரும்.

அறுவைக்குப் பிறகு

அறுவையோடு ஒட்டிய இதயக் காயம் பெரும்பாலும் மேசையில் நடப்பதில்லை. முதல் 48 மணி நேரத்துக்குள், வார்டில் நடக்கிறது. பெரும்பாலோருக்கு நெஞ்சுவலியும் வராது, வலி மருந்தில் அது மறைந்துவிடும். அப்போது கேஸும் இல்லை, புரொப்போஃபோலும் இல்லை. ஆகவே இந்த வகை நோயாளிக்கு அறுவைக்கு முன் ஒரு ட்ரோபோனின், பிறகு 24 மணியிலும் 48 மணியிலும் ஒவ்வொன்று எடுக்க வேண்டும். எண் ஏறியிருந்தால் முதலில் ஈசிஜி, பிரஷர், துடிப்பு, ஹீமோகுளோபின், வலியின் அளவு ஆகியவற்றைப் பாருங்கள். ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இருந்தால் ரத்தம் ஏற்றுங்கள். நெஞ்சில் அறிகுறி இருந்தால் அதற்கும் முன்பே.

பிறகு ஸ்டென்ட் வைத்த ஆஸ்பத்திரியைக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் எல்லையைத் தாண்ட வேண்டுமா, நாகர்கோவில் பக்கம் திரும்ப வேண்டுமா என்பதை அறுவைக்கு முந்தின நாளே பேசி முடிவுசெய்து, அந்த டாக்டரின் எண்ணையும் ஸ்டென்ட் வைத்த தேதியையும் ஆஞ்சியோ குறுந்தகட்டையும் நோயாளியின் ஃபைலின் முதல் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.